லேண்ட் ரோவர்: பட்டறையில் வாழும் வரலாறு



தோட்டப்புறத்தில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். துரையின் வண்டி வளைவு திரும்பிக் கண்ணில் படுவதற்கு முன்பே, அதன் சத்தத்தை வைத்தே அது எந்த நிரைப் பக்கம் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். மழையில் சேறாகிக் கிடக்கும் செம்மண் பாதையில் லோரியே திணறி நிற்கும். அந்த வண்டியோ நான்கு சக்கரங்களாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு உறுமியபடி மேடேறிவிடும். நாம் பொதுவாக 'ஜீப்பு' என்றுதான் அதை அழைத்தோம். அதன் உண்மையான பெயர் லேண்ட் ரோவர்.

அந்தப் பழைய வண்டிகளில் பல, இன்று துருவேறிப் பட்டறை ஓரங்களில் கிடக்கின்றன. ஆயினும் அவற்றைத் தேடிப் பிடித்து, வாங்கி, பிரித்து, பழுது நீக்கி, தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்து மீண்டும் ஓட வைப்பவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். பிற நாடுகளிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையில் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுகிறார்கள். "இந்தக் கிழட்டு வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று வீட்டார் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு இன்றைய உரையில் விடை காண்போம்.

விடையின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த வண்டி நீண்ட காலம் வாழ்ந்ததற்கு அதன் வலிமை மட்டும் காரணம் அன்று. எவரும் பிரித்து மாட்டக்கூடிய எளிமையோடு அது பிறந்தது. அந்த எளிமையைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த கைகள் ஊர் ஊராக இருந்தன. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அது வாழ்ந்தது.

கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அந்தப் போரில் அமெரிக்க இராணுவத்திற்காக வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தன. 1945-இல் போர் முடிந்ததும் அவை உலகமெங்கும் பழைய விலைக்கு விற்கப்பட்டன. அப்படி ஒரு ஜீப்பை வாங்கியவர்களில் ஒருவர் மோரிஸ் வில்க்ஸ். அவர் இங்கிலாந்தின் ரோவர் மோட்டார் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளர். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு அந்த ஜீப் மிகவும் உதவியது. ஆனால் அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக வாங்குவதற்குப் பிரிட்டனில் செய்த வண்டி ஒன்றுமில்லை. அப்படியானால் நாமே ஒன்று செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1947-இல் ஆங்கிள்சியின் ரெட் வார்ஃப் விரிகுடாக் கடற்கரை மணலில் அவர் புதிய வண்டியின் உருவத்தை வரைந்து காட்டினார் என்று சொல்வார்கள்.

அன்றைய பிரிட்டனின் நிலையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். போரில் வென்ற நாடுதான். ஆனால் கையில் பணமில்லை. உணவுக்குப் பங்கீடு இருந்தது போல் எஃகுக்கும் பங்கீடு இருந்தது. ஏற்றுமதிக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலைகளுக்கே எஃகு எளிதில் கிடைத்தது. ரோவர் நிறுவனம் அதுவரை வசதி படைத்தோருக்கான கார்களைச் செய்துவந்தது. அவற்றை வாங்க அப்போது போதிய ஆள் இல்லை. எனவே உழவர்களுக்குப் பயன்படக்கூடிய, வெளிநாடுகளில் விலைபோகக்கூடிய ஒரு வண்டியைக் குறைந்த செலவில் விரைவாகச் செய்ய வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

இல்லாமை எப்படி ஒரு நல்ல பொருளை உருவாக்கியது என்பதை இங்கே பார்க்கலாம். எஃகு கிடைக்காததால் வண்டியின் உடலுக்கு அலுமினியக் கலவையான பிர்மாபிரைட் தகட்டைப் பயன்படுத்தினார்கள். வளைவு நெளிவுகளை அழுத்தி எடுக்கும் பெரிய அச்சு இயந்திரங்களுக்குப் பணம் செலவிட முடியாததால், தகடுகளைப் பெரும்பாலும் தட்டையாகவே வைத்தார்கள். சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைக் கூட, தட்டையான எஃகுப் பட்டைகளை நீளப் பெட்டிபோல் ஒட்டவைத்து உருவாக்கினார்கள். கதவும் இறக்கையும் கூரையும் போல்ட் போட்டு முடுக்கப்பட்டன. ஒரு பாகம் நசுங்கினால் அதை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். தட்டையான தகட்டை எந்த ஊர்ப் பட்டறையிலும் சுத்தியால் தட்டி நேராக்கலாம். செலவைக் குறைக்க எடுத்த முடிவுகளே பிற்காலத்தில் அந்த வண்டியின் ஆயுளை நீட்டின.

1948 ஏப்ரல் 30-ஆம் நாள், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே 80 அங்குலம். எஞ்சின் 1.6 லிட்டர், ஏறக்குறைய 50 குதிரைச் சக்தி. எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து மரம் அறுக்கும் வாளையும், கதிரடிக்கும் இயந்திரத்தையும், நீர் இறைக்கும் பம்பையும் ஓட்ட வழி இருந்தது. ஆகவே அது சாலையில் ஓடும் வண்டியாகவும் வயலில் உழைக்கும் எந்திரமாகவும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. பற்றாக்குறைக் காலத்தைத் தாண்டினால் போதும் என்று கருதிச் செய்த வண்டி, சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் கார்களை விடவும் அதிகமாக விற்கத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1954-இல் சக்கர இடைவெளி 86 அங்குலமாயிற்று. அதே ஆண்டில் சுமை ஏற்றுவதற்கென்றே 107 அங்குல நீள பிக்கப் வண்டியும் வந்தது. 1958-இல் இரண்டாம் வரிசை, 1961-இல் அதன் திருத்திய வடிவம், 1971-இல் மூன்றாம் வரிசை எனத் தொடர்ந்தது. 1976-இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1985-இல் மூன்றாம் வரிசையின் உற்பத்தி நின்றது. அதற்குப் பின்வந்த வகைக்கு 1990-இல் டிஃபெண்டர் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பழைய குடும்பத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29-ஆம் நாள் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது. 1948-இலிருந்து கணக்கிட்டால் 68 ஆண்டுகள்!

இனி இந்த வண்டி நம் மண்ணுக்கு வந்த கதையைக் காண்போம்.

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி நடந்து ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் ஒன்றாகத் திரட்டப்பட்டு வேலியடைக்கப்பட்டன.

கரடுமுரடான பாதையில் ஓடக்கூடிய வண்டிக்கு அப்போது பெரும் தேவை ஏற்பட்டது. போலீசும் இராணுவமும் தோட்ட நிர்வாகமும் லேண்ட் ரோவரைப் பயன்படுத்தின. சம்பளப் பணத்தை நகரத்திலிருந்து கொண்டு வருவதே அன்று ஆபத்தான காரியம். தோட்ட நிர்வாகிகள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். ஆகவே வண்டியை மாற்றியமைக்கும் வேலை நம் நாட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. உயிரைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகத்தான் தொடங்கியது. இரும்புத் தகட்டைச் சுமந்த வண்டியில் ஸ்பிரிங் தாழ்ந்துவிடும். பிரேக் பிடிக்க அதிகத் தூரம் ஆகும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும் என்பது அன்றே பட்டறைக்காரர்கள் கற்ற பாடம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்தில் லேண்ட் ரோவர் அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது. துரை அதில் வருவார். தொழிலாளி பால் வாளியைச் சுமந்து நடப்பார். ஆனால் அந்த வண்டியை ஓட்டியவர் யார்? விடியுமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தவர் யார்? பாதி வழியில் நின்றுவிட்டால் கைப்பிடியை முன்னால் செருகிச் சுற்றிக் கிளப்பியவர் யார்? அவர்களில் பலர் நம்மவர்கள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத டிரைவர்களும் பட்டறை உதவியாளர்களும் அந்த எந்திரத்தின் மொழியைக் கேட்டே கற்றார்கள். கியர் பெட்டியின் முனகலுக்கும் அச்சுத் தண்டின் 'டக்' ஓசைக்கும் என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

அதே காலத்தில் ஒரு புகழ்பெற்ற பயணமும் நம் பகுதியில் முடிந்தது. 1955 செப்டம்பர் 1-ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டார்கள். ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா வழியாக 1956 மார்ச் 6-ஆம் நாள் சிங்கப்பூரை வந்தடைந்தார்கள். கரும்நீல வண்டிக்கு ஆக்ஸ்ஃபோர்ட் என்றும் இளநீல வண்டிக்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர். போர்க்காலத்தில் போடப்பட்டுக் காடு மூடிக்கிடந்த லெடோ சாலை வழியே பர்மாவுக்குள் நுழைந்ததே அவர்களுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. குழுவில் ஒருவரான டிம் ஸ்லெசர் பிறகு இப்பயணத்தைப் பற்றி நூல் எழுதினார். அந்த வண்டிகளில் ஒன்றின் பிற்காலக் கதையை இவ்வுரையின் இறுதியில் சொல்கிறோம்.

காலம் மாறியது. ஜப்பானில் 1951-இல் பிறந்து, 1954-இல் லேண்ட் குரூசர் என்று பெயர் பெற்ற டொயோட்டா வண்டி உலகெங்கும் பரவத் தொடங்கியது. நம் நாட்டில் ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. பழைய லேண்ட் ரோவர்கள் கைமாறின. துரையின் வண்டி, காய்கறிக்காரரின் வண்டியாயிற்று.

இதைக் கண்கூடாகக் காண வேண்டுமானால் கேமரன் மலைக்குச் செல்ல வேண்டும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது முதல் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த மலை அது. அதன் செங்குத்தான காய்கறித் தோட்டங்களில் ஐம்பது அறுபது வயதான லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோசையும் தக்காளியையும் உரமூட்டையையும் சுமந்து ஓடுவதை இந்த நூற்றாண்டிலும் பார்க்க முடிந்தது. பின்பக்கத்தை நீட்டியிருப்பார்கள், பலகைத் தட்டு அமைத்திருப்பார்கள், பழைய எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தியிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்க வண்டியை அங்கே சேற்றிலிருந்து தள்ளிக்கொண்டிருப்பார்கள்!

உழைப்புக்காகச் செய்த அந்த மாற்றங்களைப் பார்த்து, விருப்பத்திற்காகச் செய்பவர்களும் பெருகினார்கள். காட்டுப் பாதையில் வண்டி ஓட்டுவது ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. 1993-இல் கேமல் டிரோஃபி என்னும் பன்னாட்டுப் பயணப் போட்டி சபாவில் நடைபெற்றது. 1997 முதல் மலேசியாவில் மழைக்காட்டுச் சவால் போட்டி நடத்தப்பட்டு வந்தது. அதை மழை கொட்டும் ஆண்டிறுதியையே தேர்ந்து நடத்தினார்கள்.

நேயர்களே, இனி ஒரு பழைய வண்டியை எடுத்துச் சீர்செய்ய விரும்பும் இளைஞர் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்ப்போம். இங்கும் வரலாறுதான் நமக்கு ஆசிரியர்.

முதலில் கருவிப்பெட்டி. பழைய லேண்ட் ரோவரின் நட்டுகளும் போல்ட்டுகளும் பெரும்பாலும் அங்குல அளவில் செய்யப்பட்டவை. மலேசியாவில் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் வந்தது 1972-இல். இன்று கடையில் வாங்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் அந்த நட்டில் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் முழுமையாகப் பொருந்தாது. அந்த 'ஏறக்குறைய'தான் ஆபத்து. பலம் கொடுத்துத் திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்; பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? வண்டிக்கு முன் அதற்குரிய ஸ்பேனரை வாங்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனை வண்டி உடலோடு இணைக்கப்படுகிறது. 1967 வரை வந்த லேண்ட் ரோவர்களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இது தெரியாமல் பழக்கதோஷத்தால் பேட்டரியை மாட்டினால் கருவிகள் கெட்டுப்போகும். இடையில் யாரேனும் இணைப்பை மாற்றியும் இருக்கலாம். ஆகவே வயரைத் தொடுமுன் பார்க்க வேண்டும்.

மூன்றாவது துரு. அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்பதால் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து வாங்குபவர்கள் உண்டு. உடல்தான் அலுமினியம், அடிச்சட்டமும், எஞ்சினுக்கும் ஆள் அமரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் சுவரும் எஃகு. பெட்டிபோன்ற அடிச்சட்டத்திற்குள் சேறும் ஈரமும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். சிறு சுத்தியால் நெடுகத் தட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்; நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் தங்கினால், பேட்டரிக்குள் நடப்பது போன்ற வேதிவினை நடந்து அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். நம் நாட்டு மழைக்கும் வெக்கைக்கும் இது மிக விரைவில் நிகழும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது பூச்சு இருக்க வேண்டும். சேற்றில் ஓட்டிய நாளே அடிப்பாகத்தைக் கழுவிக் காயவிட வேண்டும்.

நான்காவது எண்ணெய். "எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்று லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கியர் பெட்டி, முன் அச்சு, பின் அச்சு, முன்சக்கரம் திரும்பும் உருண்டைக் கூடு என ஒவ்வோர் இடத்திலும் தனித்தனி எண்ணெய் உண்டு. ஆற்றைக் கடந்து வந்தால் அச்சுகளின் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறியலாம். உடனே மாற்றிவிட வேண்டும்.

ஐந்தாவது, உயிர் தொடர்பானது. எனவே சற்று நின்று சொல்கிறோம். இவ்வண்டியின் கைப்பிரேக் மற்ற வண்டிகளைப் போல் பின்சக்கரங்களை நேராகப் பிடிப்பதன்று. அது கியர் பெட்டியின் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் சுழல இடம் கிடைத்துவிடும்; கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளக்கூடும். ஆகவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் தூக்கவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையவும் கூடாது. உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்து பிரேக்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர்தான் உண்டு. ஓரிடத்தில் வெடித்தால் எல்லாம் போயிற்று. எஞ்சினைப் பார்க்குமுன் பிரேக்கைப் பார் என்பதே பட்டறையின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

ஓட்டுவதிலும் ஒரு பாடம் உண்டு. கியர் கம்பிக்கு அருகே மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும் இருக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்புக் குமிழ், மெதுவாகவும் வலுவாகவும் இழுக்கும் தாழ்நிலைக் கியருக்கு உரியது. இவை சேற்றுக்கும் மணலுக்கும் உரியவை. வளைவில் திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாது. எனவே தண்டுகள் முறுகி உடையும். ஆடிக் கறக்கும் மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கும் மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் அல்லவா?

இனி மாற்றியமைத்தல். கயிறு இழுக்கும் வின்ச், நீண்ட பயணத்தில் எஞ்சினின் அலைச்சலைக் குறைக்கும் ஓவர்டிரைவ் போன்றவற்றைப் பொருத்தும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அவை வண்டியின் இயல்போடு ஒத்துப்போகின்றன. ஆனால் தோற்றத்திற்காகப் பெரிய டயர் மாட்டுவதும், உடலை மிக உயர்த்துவதும் வேறு. பெரிய டயரைச் சுழற்ற அச்சுத் தண்டுக்கு அதிகப் பலம் வேண்டும்; பழைய தண்டு முறியும். வேகமானி காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். பிரேக் அதே பழைய பிரேக்தான். உயர்ந்த வண்டி வளைவில் எளிதாகக் கவிழும். வலுவான எஞ்சினைப் பொருத்தினால் கியர் பெட்டியும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்குமா என்று முதலில் கேட்க வேண்டும். இரும்புத் தகடு அடித்த காலத்துப் பாடம்தான் இது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. எஞ்சினையோ உடலமைப்பையோ மாற்றுவதற்கு மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. முதலில் செய்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்கலாம் என்றால் செலவழித்த பணம் வீணாகும். அதோடு, குடும்பத்தின் அரிசிப் பணத்தை வண்டிக்குள் கொட்டுவது பொழுதுபோக்காகாது. மாதம் ஒரு பாகம், ஆண்டுக்கு ஒரு பெரிய வேலை என்று பொறுமையாகச் செய்பவரே இதில் வெற்றி பெறுகிறார். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் குறித்துவைத்து, மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால், அந்தக் கொட்டகையே ஒரு தொழிற்பள்ளியாகிவிடும். நெம்புகோலும் பல்சக்கரமும் உராய்வும் மின்சுற்றும் பள்ளிப் பாடநூலில் படமாகத்தான் இருக்கின்றன. இங்கே கையில் கிடைக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்ட் என்ற அந்தக் கரும்நீல வண்டிக்குத் திரும்புவோம். அதன் துணையான கேம்பிரிட்ஜ் பின்னொரு பயணத்தில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் பல கை மாறி, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே உள்ள செயிண்ட் ஹெலினா தீவில் பழுதடைந்து கிடந்தது. பழைய வண்டிகளில் ஆர்வமுள்ள ஒருவர் அதை மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சீர்செய்தார். 2019 ஆகஸ்டு 25-ஆம் நாள் அது சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. 87 வயதான டிம் ஸ்லெசர் அதில் பயணம் செய்வதாக இருந்தார். சிங்கப்பூரில் அவர் நோயுற்றதால் அவருடைய பேரன் அந்த இருக்கையில் அமர்ந்தார். முன்பு தாத்தா வந்த திசைக்கு எதிர்த்திசையில், மலேசியா வழியாக, நாடு நாடாகக் கடந்து, அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் வண்டி இலண்டனைச் சேர்ந்தது. வழியில் அது பழுதாகாமல் ஓடவில்லை. பழுதான இடத்திலேயே பழுது பார்க்க முடிந்தது. அதனால்தான் போய்ச் சேர்ந்தது.

நேயர்களே, அந்த வண்டியை வடிவமைத்தவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதில் பயணம் செய்தவர்களின் பெயர் இருக்கிறது. ஆனால் மலாயாவின் தோட்டங்களில் அந்த வண்டிகளை நாள்தோறும் ஓட வைத்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? தோட்டங்கள் மறைந்துவிட்டன, பட்டறைகள் மூடப்பட்டன. தோட்டத்து டிரைவராகவோ மெக்கானிக்காகவோ உழைத்தவர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு பெரிய அறிவும் மண்ணுக்குள் போகிறது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு தாத்தா, ஒரு மாமா, ஒரு பெரியப்பா இருக்கலாம். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த வண்டி, எதைக் கழற்றி எதை மாட்டினார், உதிரிப்பாகம் கிடைக்காதபோது எதைக்கொண்டு சமாளித்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்னால் பெயரையும் ஊரையும் குறியுங்கள். பழைய வண்டியைப் புதுப்பிப்பது எல்லாராலும் ஆகக்கூடியதன்று. அதற்குப் பணமும் இடமும் வேண்டும். ஆனால் அந்த வண்டியை வாழவைத்த மனிதரின் அனுபவத்தை எழுதிவைக்க ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தோட்டத்து மக்களின் வரலாற்றை எழுதத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.